கடற்பாசியில் ஒரு பூந்தி: மருந்தை அடைக்கும் நுண்குளிகைகள் உருவாகும் விதம்

தீபாவளிக்கு லட்டு பிடிக்கும் வீட்டில் பூந்தி தேய்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கரண்டியின் கண் வழியாகக் கடலை மாவு சொட்டுகிறது. எண்ணெயைத் தொடுவதற்குள் உருண்டையாகிறது. தொட்டதும் இறுகிவிடுகிறது. மாவு நீர்த்திருந்தால் பூந்தி தட்டையாக விழும், கெட்டியாகிவிட்டால் வால் முளைக்கும். கரண்டியை எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும், எத்தனை முறை தட்ட வேண்டும் என்பது கைப்பழக்கம்.

மருந்தியல் ஆய்வகம் ஒன்றில் மாணவர்கள் முதன்முதலில் செய்து பழகும் நுண்குளிகையும் ஏறக்குறைய இதுதான். மாவின் இடத்தில் கடற்பாசியிலிருந்து எடுத்த பசைக் கரைசல். எண்ணெயின் இடத்தில் கால்சியம் உப்பு கரைத்த தண்ணீர். அடுப்பு மட்டும் கிடையாது. வால் முளைக்கும் தொல்லை அங்கேயும் உண்டு.

குளிகை என்றதும் மருந்துக்கடையில் வாங்கும் இருவண்ணக் கேப்சூல் நினைவுக்கு வரும். அது விரல் நுனி அளவுக்கு நீண்டது. இங்கே பேசுவது மிகச் சிறியது: ஒரு மைக்ரோமீட்டரிலிருந்து ஆயிரம் மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டர் வரை. தலைமுடியின் தடிமன் ஐம்பது முதல் நூறு மைக்ரோமீட்டர் இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். கற்றுக்கொள்பவர்கள் இரண்டு மில்லிமீட்டர் உருண்டையில் தொடங்குவார்கள். ஊசி மருந்துக்கோ மூச்சில் இழுக்கும் மருந்துக்கோ அதைப் பல மடங்கு சிறிதாக்க வேண்டும்.

இந்தக் குளிகைகளில் இரண்டு வகை உண்டு. நம் பலகாரங்களை வைத்தே சொல்லிவிடலாம். ரவா லட்டில் முந்திரி உருண்டை முழுக்கப் பரவிக் கிடக்கும். அதுபோல மருந்து உருண்டை முழுவதும் கலந்திருந்தால் அது ஒரு வகை. கொழுக்கட்டையில் மேலே மாவு, உள்ளே பூரணம். அதுபோல வெளியே ஓடும் உள்ளே மருந்தும் தனித்தனியாக இருந்தால் இன்னொரு வகை. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது பரவலான வழக்கம். ஆனால் மருந்து வெளியேறும் முறை இரண்டிலும் வேறு என்பதால், எது லட்டு, எது கொழுக்கட்டை என்று தெரிந்துகொள்வது நல்லது.

இத்தனை பாடு எதற்கு? மாத்திரையை விழுங்கினால் மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. சில மருந்துகளை வயிற்று அமிலம் சிதைத்துவிடுகிறது. சில மருந்துகள் வயிற்றைப் புண்ணாக்குகின்றன. மருந்தை ஓர் உறைக்குள் வைத்து, உரிய இடம் வந்ததும் உரிய வேகத்தில் அவிழ்த்துவிட முடிந்தால் இவையெல்லாம் குறையும். விருப்பம் எளிமையானதுதான். அதை நிறைவேற்றுவதில்தான் சிக்கல்.

முதலில் மூலப்பொருள். ஆல்ஜினேட் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும் அது உங்கள் வாய்க்குள் போயிருக்கக்கூடும். பல் மருத்துவர் அச்செடுக்கக் குழைத்து வைக்கும் பசை அதுதான். சில ஐஸ்கிரீம்களிலும், நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் சில திரவ மருந்துகளிலும் அது இருக்கிறது. பழுப்புப் பாசிகளின் உடலுக்கு வலிமையும் வளைந்து கொடுக்கும் தன்மையும் தருவது இந்தப் பொருள். அலையில் அடிபட்டும் முறியாமல் அவை ஆடிக்கொண்டிருப்பது இதனால்தான். எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்காட்லாந்துக் கரையின் பாசியை ஆராய்ந்து, 1881-ல் இதைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

மன்னார் வளைகுடாக் கரையில் கட்டக்கோரை என்று மீனவர்கள் அழைக்கும் சர்காஸம் பாசியிலும் ஆல்ஜினேட் உண்டு. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி எடுத்து வரும் பாசிகளில் அதுவும் ஒன்று. நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்யும் ‘கடல்பாசி’யோடு, அதாவது சைனா கிராஸோடு, இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சிவப்புப் பாசியிலிருந்து வரும் அகார். காய்ச்சி ஆறவைத்தால் உறையும். ஆல்ஜினேட்டுக்குச் சூடும் வேண்டாம், குளிர்ச்சியும் வேண்டாம்.

இப்படிப்பட்ட பொருள்களைத் ‘தாவரப் பாலிமர்’, அதாவது தாவரத்திலிருந்து வரும் நீண்ட சங்கிலி மூலக்கூறு என்று சொல்வதுண்டு. ஆல்ஜினேட்டை அப்படிச் சொல்வதில் ஒரு சின்ன நெருடல் இருக்கிறது. தாவரவியலாளர் யாரிடமாவது பழுப்புப் பாசியைத் தாவரம் என்று சொன்னால் உடனே மறுப்பார். அது வேறு கிளையில் வளர்ந்த உயிரினம். ஐயமில்லாத தாவரப் பாலிமர்தான் வேண்டுமென்றால் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்து எடுக்கும் பெக்டின் இருக்கிறது. அதிலும் ஒரு வகை இதே கால்சியம் தண்ணீரில் இதே விதமாக உறையும். பெக்டினை நம் செரிமான நீர்களால் சிதைக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாக்களால் முடியும். அதனால் பெருங்குடல் வரை மருந்தைக் கொண்டுபோக அதைப் பயன்படுத்தும் முயற்சிகள் உண்டு. நாம் ஆல்ஜினேட்டையே தொடர்வோம்.

ஆல்ஜினேட் என்பது நீண்ட சங்கிலி. அதில் இரண்டே விதமான மணிகள் கோக்கப்பட்டிருக்கின்றன: மன்னுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம். இரண்டாவது வகை மணிகள் தொடர்ச்சியாக வரும் இடங்களில் சங்கிலி வளைந்து வளைந்து பள்ளம் பள்ளமாக இருக்கும். முட்டை அடுக்கும் அட்டையைப் பாருங்கள், அந்த வடிவம்தான். பள்ளங்களில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. கால்சியம் அயனிக்கு நேர்மின்னேற்றம் இரண்டு. இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வரும்போது நடுவிலுள்ள பள்ளத்தில் கால்சியம் முட்டைபோல் உட்கார்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. 1973-ல் முன்வைக்கப்பட்ட இந்த விளக்கத்துக்கு முட்டைப்பெட்டி மாதிரி என்றே பெயர். சோடியத்துக்கு ஒரே ஒரு மின்னேற்றம்தான் என்பதால் அதனால் இப்படி இரு கைகளையும் பிடிக்க முடியாது. சோடியம் ஆல்ஜினேட் தண்ணீரில் கரைவதும் கால்சியம் ஆல்ஜினேட் கரையாததும் இதனால்தான். சோடியம் போய் அந்த இடத்தில் கால்சியம் உட்காருவதுதான் இங்கே ‘சமையல்’.

பாசியின் ஊரும் இனமும் மாறினால் மணிகளின் விகிதமும் மாறும். நோர்வேக் கடலில் வளரும் லாமினேரியா ஹைப்பர்போரியாவின் தண்டில் குலுரோனிக் மணிகள் அதிகம். அதில் செய்த உருண்டை கடினமாக இருக்கும், அழுத்தினால் நொறுங்கும். மன்னுரோனிக் அதிகமுள்ள பாசியில் செய்தது மென்மையாக, நுங்கைப் போல நெகிழும். ஒரே அளவு, ஒரே முறை, புட்டி மட்டும் வேறு என்றால் உருண்டையும் வேறாகிவிடும். இயற்கைப் பொருளை வைத்து மருந்து செய்பவர்களின் முதல் தலைவலி இது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஜாதகம் பார்த்தாக வேண்டும்.

இனி செய்முறை. நூறு மில்லிலிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் சோடியம் ஆல்ஜினேட். மொத்தமாகக் கொட்டினால் உப்புமாவில் ரவை கட்டி தட்டுவதுபோல் கட்டியாகிவிடும். கிளறிக்கொண்டே சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கூடாது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமே கரைசலை அங்கங்கே உறைய வைத்துவிடும், எனவே காய்ச்சி வடித்த நீர் தேவை. கரைந்த பிறகு ஓர் இரவு அப்படியே வைத்தால் காற்றுக் குமிழிகள் மேலேறிப் போய்விடும். மறுநாள் இன்னொரு பாத்திரத்தில் நூறு மில்லிலிட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் கால்சியம் குளோரைடு கரைத்துக்கொண்டு, ஊசிக்குழாயால் ஆல்ஜினேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த நொடியில் மேல்தோல் உறைந்துவிடும். கால்சியம் வெளியிலிருந்து உள்ளே நடந்து போக வேண்டியிருப்பதால் நடுப்பகுதி உறையச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் ஒன்றை எடுத்து நசுக்கினால் உள்ளே இருக்கும் பாகு பீறிடும்.

ஊசியைத் தண்ணீருக்கு மிக அருகில் பிடித்தால் சொட்டு உருண்டையாவதற்கு நேரம் போதாது. மிக உயரத்தில் பிடித்தால் விழும் வேகத்தில் சப்பையாகிவிடும். பூந்தியைத் தேய்த்துப் பழகிய கைக்கு இது ஐந்து நிமிடப் பாடம்.

இப்போது ஒரு சோதனை. ஆல்ஜினேட் கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கடையில் கிடைக்கும் சிவப்பு உணவு வண்ணத்தைக் கரையுங்கள். மற்றொன்றில் மஞ்சள் தூளைக் கலக்குங்கள். இரண்டையும் சொட்டவிட்டு உருண்டை பிடியுங்கள். மாதுளை முத்துப்போல அழகான சிவப்பு உருண்டைகள் கிடைக்கும். ஆனால் அவற்றை அள்ளி எடுப்பதற்குள்ளேயே பாத்திரத்துத் தண்ணீர் சிவந்துவிட்டிருக்கும். எடுத்து நல்ல தண்ணீரில் போட்டால் அதுவும் சிவக்கும். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் முத்துகள் வெளிறிப் போயிருக்கும். மஞ்சள் உருண்டைகளோ பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

என் பார்வையில் இந்தத் துறையின் மையச் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு பாத்திரங்களில் இருக்கிறது. உருண்டை பிடிப்பது பள்ளிக் குழந்தைக்கும் கைவரும். உள்ளே வைத்ததை உள்ளேயே இருக்கச் செய்வதுதான் கடினம். இரண்டு சதவீதக் கரைசலில் பிடித்த ஆல்ஜினேட் உருண்டையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். மீதி, வலை. அந்த வலையின் கண்கள் சில நானோமீட்டர் முதல் அதற்கும் பல மடங்கு வரை அகலமானவை. சாதாரண மருந்து மூலக்கூறு ஒரு நானோமீட்டர் அளவுதான். கெண்டை பிடிக்கிற வலையில் கொசு சிக்குமா? தண்ணீரில் கரையும் மருந்துக்கு இந்த உருண்டை ஏறக்குறைய திறந்த வீடு.

எவ்வளவு மருந்து உருண்டைக்குள் தங்கியது என்பதைக் கணக்கிடுவது எளிது. நூறு மில்லிகிராம் போட்டோம், கால்சியம் தண்ணீரில் நாற்பது மில்லிகிராம் கிடக்கிறது என்றால் அறுபது சதவீதம் சிக்கியிருக்கிறது. அந்தச் சதவீதமே அடைப்புத் திறன். யாராவது புதிதாக நுண்குளிகை செய்ததாகச் சொன்னால், அழகான நுண்ணோக்கிப் படத்தைப் பார்ப்பதற்கு முன் நான் இந்த எண்ணைத்தான் தேடுவேன்.

சிறிதாக்கினால் சிக்கல் கூடுகிறது. மூலக்கூறுகள் விரவிச் செல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: தூரம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறில் ஒன்று. இரண்டு மில்லிமீட்டர் உருண்டையிலிருந்து ஒரு சிறு மூலக்கூறு வெளியேற ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பொருளில் இருபது மைக்ரோமீட்டர் உருண்டை செய்தால் தூரம் நூறில் ஒன்று, நேரம் பத்தாயிரத்தில் ஒன்று. அரை மணி நேரம் கண்ணிமைக்கும் பொழுதாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பெரிய உருண்டையின் இடத்தில் பத்து லட்சம் சிறு உருண்டைகள் வருகின்றன, மருந்து நழுவும் மொத்தப் பரப்பு நூறு மடங்காகிறது. ‘நுண்ணியது என்றால் மேலானது’ என்ற விளம்பர மயக்கம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிந்துவிடும்.

ஆனாலும் சிறிதாக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஊசி நுனியில் தொங்கும் சொட்டைப் பரப்பு இழுவிசை பிடித்து வைத்திருக்கிறது. எடை அதை வென்றால்தான் சொட்டு விழும். 0.4 மில்லிமீட்டர் ஊசியில்கூட இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சொட்டுதான் விழும் என்பதற்குக் காரணம் இது. எடைக்குத் துணையாக வேறு ஏதாவது சொட்டைப் பிடித்து இழுக்க வேண்டும். ஊசியைச் சுற்றிக் காற்றை ஊதலாம். ஊசிக்கும் பாத்திரத்துக்கும் இடையே சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கலாம். ஊசியை அதிரவைத்துப் பாயும் தாரையைச் சம துண்டுகளாக உடைக்கலாம். பூந்திக் கரண்டியின் காம்பைத் தட்டுகிறோமே, அந்த உத்திதான்.

இன்னும் சிறிது வேண்டுமென்றால் சொட்டுவதை விட்டுவிட்டுக் கடைய வேண்டும். ஆல்ஜினேட் கரைசலில் நுண்ணிய சுண்ணாம்புத் தூளை, அதாவது கால்சியம் கார்பனேட்டைக் கலந்து, அதைத் தாவர எண்ணெயில் ஊற்றி வேகமாகக் கடைந்தால் எண்ணெய்க்குள் குட்டிக் குட்டித் துளிகளாகச் சிதறும். பிறகு எண்ணெயில் கொஞ்சம் அசெட்டிக் அமிலம். அமிலம் துளிக்குள் நுழைந்து சுண்ணாம்பைக் கரைக்க, கால்சியம் உள்ளேயே விடுபட்டுத் துளி உறைந்துவிடும். கடையும் வேகம் கூடினால் உருண்டை சிறுக்கும். எல்லாம் ஒரே அளவில் வராது என்பதுதான் குறை, கூடவே எண்ணெயைக் கழுவி நீக்கும் வேலை. பால் பவுடர் செய்வதுபோல் சூடான காற்றில் தெளித்து உலர்த்தும் முறையும் உண்டு.

கசிவை அடைக்க என்ன வழி? மஞ்சள் தூள் ஏன் தங்கியது என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும். அது தண்ணீரில் கரையவில்லை, துகளும் வலைக்கண்ணைவிடப் பெரியது. அதனால் நீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு ஆல்ஜினேட் நல்ல வீடு. நன்மை செய்யும் பாக்டீரியாக்களுக்கும் அப்படியே. ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள பாக்டீரியா அந்த வலையில் வசமாக மாட்டிக்கொள்ளும். கரையும் மருந்து என்றால் உருண்டைக்கு மேலே ஒரு பூச்சு போட வேண்டும். ஆல்ஜினேட் எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் நேர்மின்னேற்றம் கொண்ட பாலிமர் எதுவும் அதன்மேல் தோலாக ஒட்டிக்கொள்ளும். பரவலாகப் பயன்படுவது கைட்டோசான். அது இறால், நண்டு ஓடுகளிலிருந்து வருவது. ‘முழுக்கத் தாவரம்’ என்று லேபிள் ஒட்ட நினைத்தவர்கள் இங்கே கொஞ்சம் நெளிவார்கள்.

வலையே வேண்டாம், தண்ணீர் புகாத சுவர் வேண்டும் என்றால் எத்தில் செல்லுலோஸ் இருக்கிறது. மரக்கூழின் செல்லுலோஸை வேதியியல் முறையில் மாற்றிச் செய்த பொருள் அது, தண்ணீரில் கரையாது. அதையும் மருந்தையும் ஒரு கரைப்பானில் சேர்த்துக் கரைத்து, தண்ணீரில் கடைந்து துளிகளாக்கி, கரைப்பான் ஆவியாகும் வரை கிளறிக்கொண்டே இருந்தால் திடமான நுண்லட்டுகள் மிஞ்சும். அந்தக் கரைப்பானாகப் பலகாலம் பயன்பட்டு வந்தது டைகுளோரோமீத்தேன். மருந்தில் அது பத்து லட்சம் பங்குக்கு 600 பங்குக்கு மேல் மிஞ்சக்கூடாது என்று பன்னாட்டு வழிகாட்டு நெறி வரம்பு வைத்திருக்கிறது. மூலப்பொருள் மரத்திலிருந்து வந்தது என்பதால் செய்முறையும் சாதுவானது என்று முடிவுகட்டிவிட முடியாது.

கசிவையே வரமாக்கிக்கொண்ட ஒரு வேலையும் இந்தத் துறையில் நடந்திருக்கிறது. 1980-ல் ஃபிராங்க்ளின் லிம், ஆன்டனி சன் என்ற இருவரும், இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுச் செல்களை ஆல்ஜினேட் உருண்டைகளுக்குள் வைத்தார்கள். பாலிலைசின் என்ற நேர்மின்னேற்றப் பாலிமரால் மேலே தோல் போர்த்தினார்கள். பிறகு உருண்டைகளைச் சிட்ரேட் கரைசலில் போட்டார்கள். சிட்ரேட்டுக்குக் கால்சியத்தின்மேல் தீராப் பற்று. முட்டை அட்டையிலிருந்து முட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்த கூழ் இளகித் திரவமாக, தோல் மட்டும் நின்றது. லட்டு கொழுக்கட்டையாகிவிட்டது!

அந்தத் தோலின் வழியே சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும். உடலின் எதிர்ப்புச் செல்கள் மட்டும் உள்ளே நுழைய முடியாது. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் வயிற்றறைக்குள் இவற்றைச் செலுத்தியபோது இரண்டு மூன்று வாரம் அவற்றின் இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் உழைத்தும் இந்தச் சிகிச்சை இன்னும் சாதாரண மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை. உடல் இந்த உருண்டைகளை அந்நியப் பொருளாகக் கண்டு சுற்றிலும் நார்த்திசுவை வளர்த்துவிடுகிறது. ஆக்சிஜன் கிடைக்காமல் உள்ளே இருக்கும் செல்கள் மடிகின்றன.

விழுங்கும் குளிகைக்கு அவ்வளவு நீண்ட ஆயுள் தேவையில்லை. வயிற்றைக் கடந்து குடலைச் சேரும் வரை தாங்கினால் போதும், ஆல்ஜினேட்டுக்கு அந்தக் குணம் பிறவியிலேயே இருக்கிறது. வயிற்று அமிலத்தில் அது மின்னேற்றத்தை இழந்து சுருங்கி, கரையாத ஆல்ஜினிக் அமிலமாக நிற்கும். குடலில் அமிலம் தணிந்து, அங்குள்ள சோடியமும் பாஸ்பேட்டும் கால்சியத்தை இழுக்கத் தொடங்கினால் ஊதி உருக்குலையும். ஒரு எச்சரிக்கை: அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி எல்லாவற்றிலும் சிறியது, அது வலைக்குள் தாராளமாகப் புகும். உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குக் கிடைப்பது ஓரளவு பாதுகாப்புதான்.

மஞ்சள் உருண்டைகள் மீதமிருந்தால் இதையும் பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, அவற்றில் நாலைந்தைப் போடுங்கள். அதுதான் வயிறு. உருண்டைகள் சற்றே இறுகிக் கிடக்கும். அரை மணி கழித்துச் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். பொங்கும்; பொங்குவது நிற்கும் வரை போடுங்கள். இப்போது தம்ளரில் இருப்பது சோடியம் சிட்ரேட், லிம்மும் சன்னும் பயன்படுத்திய கால்சியம் திருடனின் உறவுக்காரன். சிறிது நேரத்தில் உருண்டைகளின் விளிம்பு மங்கும், ஊதும், கலக்கினால் நூல் நூலாகப் பிரியும். மஞ்சள் தூள் அடியில் படியத் தொடங்கும்.

குடிக்க வேண்டாம்.